தந்தம் என்று அப்பாதான் எழுதினார்

1

அந்த மூன்று பந்துகளும் தந்தம் இல்லை என்பது என் அப்பாவுக்குத் தெரியுமா, தெரியாதா?

ஓராண்டாக யோசிக்கிறேன். இன்னும் பதில் கிடைக்கவில்லை. தெரியும் என்றால் இருபத்தாறு வருடம் அவர் ஒரு பொய்யைச் சொல்லிவந்திருக்கிறார். தெரியாது என்றால் அத்தனை வருடமும் அவரை மற்றவர்கள் ஏமாற்றியிருக்கிறார்கள். இரண்டில் எது நடந்திருந்தால் எனக்குத் தேவலை என்றுகூடத் தீர்மானிக்க முடியவில்லை.

நான் தஞ்சாவூர்ப் பெண். கும்பகோணத்தில் கணிதம் படித்தேன். கல்யாணமாகி இங்கிலாந்தின் வடக்கே ஒரு சிறிய ஊருக்கு வந்தேன். இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்கிறேன். என் மகள் யாழினிக்கு ஒன்பது வயது. அவள் பில்லியர்ட்ஸ் ஆடுகிறாள் என்று முன்பொரு முறை இந்தப் பக்கங்களில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, தங்கள் பிள்ளைகளும் பழகத் தொடங்கியிருப்பதாகவும், என்னென்ன வாங்கித் தரலாம், எந்தப் புத்தகம் நல்லது என்றும் சிலர் கேட்டிருந்தார்கள். அவர்களுக்குத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத அப்பாவின் பந்துகளும் உள்ளே வந்துவிட்டன.

2

முதலில் கேட்டதற்குப் பதில்.

கோல் வாங்கும்போது நான் செய்த தவறைச் செய்யாதீர்கள். 'வளர்கிற பிள்ளைதானே' என்று பெரிய அளவில் ஒன்று வாங்கினேன். பாவாடையைத் தூக்கித் தைத்துக் கொடுத்து, வருடா வருடம் பிரித்துவிடும் வீட்டில் வளர்ந்தவள் நான். கோலைப் பிரித்துவிட முடியாது என்பது எனக்குத் தோன்றவில்லை. யாழினி அதைப் பிடித்தபோது கோலின் பின்பாகம் பின்னால் நின்ற பெண்ணின் வயிற்றில் இடித்தது. பிள்ளையின் தோள் உயரத்துக்குச் சற்று மேலே வரும் கோல் போதும். இரண்டாகக் கழற்றி மாட்டும் வகையாக இருந்தால் பேருந்தில் கொண்டுபோகலாம். கடையில் வாங்கும்போதே அதை மேஜைமேல் உருட்டிப் பாருங்கள். வளைவு இருந்தால் துள்ளும்.

கோலின் நுனியில் ஒரு சிறு தோல் வட்டம் ஒட்டியிருக்கும். கோலைவிட அதுதான் முக்கியம். அது தட்டையாகிவிட்டால் பந்து வழுக்கும். அதைத் தேய்த்து உருண்டையாக்க உப்புத்தாள் ஒட்டிய ஒரு சிறு குழிவான கருவி இருக்கிறது. நான் வாங்கிய சாமான்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். யாழினி ஆட, நான் சுவரோரம் உட்கார்ந்து தேய்ப்பேன். கைக்கு ஒரு வேலை இருந்தால் நெஞ்சு அடித்துக்கொள்வது கொஞ்சம் குறைகிறது.

அந்த நுனிக்குப் பூசும் வண்ணச் சுண்ணக்கட்டிக்கு சாக் என்று பெயர். இதை அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னபோது பக்கத்தில் இருந்த அம்மாவுக்கு அரைகுறையாகக் கேட்டிருக்கிறது.

"சாக்கு வாங்கினியா? அங்க என்னாத்துக்குடி சாக்கு? நெல்லா கட்டப் போற?"

நீலச் சாக் வேண்டாம். பள்ளிச் சட்டையின் கையிலிருந்து அது போகவே போகாது. பச்சை பரவாயில்லை. மேஜையின் துணியும் பச்சை என்பதால் கறையும் தெரியாது.

மூன்று விரல் கையுறை, பந்துக்கு மெருகு போடும் திரவம், கோல் முனைக்கு வெள்ளிப் பூண் எல்லாம் விளம்பரத்தில் கண்ணைப் பறிக்கும். மூன்றையும் வாங்கிவிட்டுத்தான் சொல்கிறேன், தேவையில்லை. கையுறைக்குப் பதில் ஈரத்துணி, திரவத்துக்குப் பதில் உலர்ந்த துணி. பூணுக்குப் பதிலாக எதுவும் வேண்டாம்.

புத்தகங்களில் இரண்டு போதும். ஒன்று விதிப் புத்தகம். உள்ளங்கை அளவுதான் இருக்கும். பிள்ளைக்கு முன்னால் நீங்கள் படியுங்கள். இன்னொன்று, பழைய ஆட்டக்காரர்கள் எழுதிய, கோட்டுப் படங்கள் நிறைந்த ஏதாவதொரு பழம் புத்தகம். நான் வாங்கியது, பழைய சாமான்களை விற்று நன்கொடை சேர்க்கும் ஒரு தர்மக் கடையில், பின்னல் புத்தகங்களுக்கு நடுவே கிடந்தது. அட்டை இல்லாததால் பெயர்கூடத் தெரியாது. பந்து எங்கே பட்டு எங்கே திரும்பும் என்பதைக் கோணம் போட்டுக் காட்டியிருப்பார்கள். கணிதம் படித்தவளுக்கு அது போதும். அதில் ஒரு பக்கம் தந்தப் பந்துகளைப் பற்றியது. யானைத் தந்தத்தின் நடுவே நரம்பு ஓடிய துளை இருக்குமாம். அது பந்தின் சரியான மையத்தில் அமையாவிட்டால் ஒரு பக்கம் கனத்து, பந்து கடைசியில் மெல்லச் சாயுமாம். பச்சைக் குறியட்டை வைத்து அந்தப் பக்கத்தை மூடினேன். அப்போது அது எனக்குப் பயன்படும் என்று நினைக்கவில்லை.

3

என் அப்பா மார்க்கர். தஞ்சாவூரில் மிராசுதார்களும் அதிகாரிகளும் கூடிய ஒரு கிளப்பில், பில்லியர்ட்ஸ் மேஜைக்கு அருகே நின்று கணக்குச் சொல்லுகிறவருக்கு அந்தப் பெயர். பந்துகளை எடுத்து வைப்பது, துணியைத் துலக்குவது, கோல்களைத் துடைப்பது, யாருக்கு எத்தனை என்று உரக்கச் சொல்லிப் பலகையில் முள்ளை நகர்த்துவது எல்லாம் அவர் வேலை. ஆடுவது அவர் வேலையில்லை. மார்க்கர் கோலைத் துடைக்கலாம், குனிந்து குறி பார்க்கக் கூடாது. கிளப்பில் அப்படியொரு வழக்கம்.

அப்பாவின் ஊர் வெண்ணாற்றுப் பக்கம். தாத்தா பண்ணையாள். அப்பா பள்ளியிறுதி முடித்த வருடம், அறுவடைக் கூலியில் அரை மரக்கால் நெல் கூடக் கேட்டு ஊரில் வேலைநிறுத்தம் நடந்தது. பண்ணை வெளியூர் ஆட்களை இறக்கியது. தாத்தாவின் குடிசை நின்ற இடமும் பண்ணையுடையதுதான் என்பதால் கூரையைப் பிரித்துப் போட்டார்கள். குடும்பம் சட்டி பானையோடு தஞ்சாவூர் வந்துவிட்டது. அப்பா கோர்ட்டு வாசலில் மனு எழுதிக்கொண்டிருந்தார். அவருடைய கையெழுத்தைப் பார்த்த ஒரு வருவாய்த் துறை அதிகாரி அவரைக் கிளப்பில் சேர்த்துவிட்டார். 'அந்த மேஜை, எங்க குடிசையைவிடக் கொஞ்சம்தான் சின்னது' என்று அப்பா சொல்வார். வருத்தமாக அல்ல, அளவு சொல்லும் குரலில்.

அது நில உச்சவரம்புக் காலம். மேடைகளில் ஒரு பேச்சு, மேஜையைச் சுற்றி வேறு பேச்சு. "வலங்கைமான் பக்கம் ஆறு வேலி நெலம், மாமியா பேருக்கு மாத்தியாச்சு" என்று சொல்லிக்கொண்டே ஒருவர் பந்தை அடிப்பார். அப்பா "பதினெட்டு, இருபத்தாறு" என்று கணக்குச் சொல்வார். யார் பெயரில் எந்தப் பட்டா ஒளிந்திருக்கிறது என்பது தாசில்தாரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். ஒரு சொல் வெளியே போனதில்லை. அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. அம்மா இன்றும் அதைக் குறையாகத்தான் சொல்வாள்.

ஒருநாள் அப்பாவின் ஊர்ப் பண்ணையார் அங்கே ஆட வந்தார். கூரையைப் பிரிக்கச் சொன்ன அதே மனிதர். குனிந்து அடிக்கும்போது அவருடைய ஜிப்பாவின் கை சிவப்புப் பந்தில் பட்டது.

"ஃபவுல்" என்றார் அப்பா.

"எவன்டா அது?"

"மார்க்கருங்க ஐயா. கை பட்டுதுங்க."

"எங்க ஊர்ல கஞ்சி குடிச்ச பய எனக்கு ஃபவுல் சொல்றியா?"

"உங்களுக்குச் சொல்லலீங்க ஐயா. ஆட்டத்துக்குச் சொன்னேன்."

பிறகு அப்பா சட்டைப் பையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்து, அந்தப் பக்கத்தைப் பிரித்து, மேஜையின் மர விளிம்பில் வைத்தாராம். பணியில் சேர்ந்தபோது, தன்னைச் சேர்த்துவிட்ட அதிகாரியிடம் சொல்லி வரவழைத்த புத்தகம் அது. எதிரே ஆடிய அதிகாரி படித்துப் பார்த்துவிட்டு, "மார்க்கர் சொன்னது சரிதான், நீங்க உக்காருங்க" என்றார். இவன் இருந்தால் இனி இந்தப் பக்கமே வரமாட்டேன் என்று பண்ணையார் துண்டை உதறிக்கொண்டு போனார். மறுநாள் சாயங்காலமே வந்துவிட்டார். ஊரில் வேறு மேஜை கிடையாது.

இது அப்பா சொன்னதில்லை, அம்மா சொன்னது. விதிப் புத்தகத்தை முதலில் நீங்கள் படியுங்கள் என்று நான் மேலே எழுதியதற்கு இதுதான் காரணம்.

அந்தக் கிளப்பின் பெருமை அதன் தந்தப் பந்துகள். வெள்ளை ஒன்று, புள்ளி வைத்த வெள்ளை ஒன்று, சிவப்பு ஒன்று. வெயில் காலத்தில் வெடித்துவிடக் கூடாது என்று அப்பா அவற்றை அரிசித் தவிட்டுக்குள் புதைத்து வைப்பார். ஆட்டம் முடிந்ததும் எண்ணெய் தொட்ட துணியால் துடைப்பார். "பெத்த புள்ளைய தூக்கினதைவிட அந்தப் பந்தைத் தூக்கினதுதான் ஜாஸ்தி" என்று அம்மா இடித்துக்காட்டுவாள். இருப்புப் பதிவேட்டில் 'தந்தப் பந்து, மூன்று' என்று எழுதியிருக்கும். வருடா வருடம் அதன்கீழ் அப்பா கையெழுத்துப் போட்டார்.

கிளப் இருந்தது அரசாங்க நிலத்தில். ஓர் ஆட்சியில் குத்தகையை நீட்டித்தார்கள், அடுத்த ஆட்சியில் ரத்து செய்தார்கள். கிளப்பை மூடிய நாளில் செயலாளர், அங்கே இருபத்தாறு வருடம் நின்ற அப்பாவுக்கு ஒரு சால்வை போர்த்தி, பந்துப் பெட்டியையும் கையில் கொடுத்தார். "தந்தம்யா ராசு. பத்திரம்" என்றாராம்.

4

யாழினி இங்கே இந்த ஆட்டத்துக்குள் போனதில் அப்பாவுக்கு எந்தப் பங்கும் இல்லை. மழை நாளில் நூலகத்துக்குப் பின்னாலிருக்கும் ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்தில் ஒதுங்கினோம், அவ்வளவுதான். அங்கே சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குப் பழக்குகிறவர் ஓய்வுபெற்ற ஒரு செவிலி. பெயர் மார்கரெட்.

"யாரு சொல்லித் தர்றது?" என்று அப்பா கேட்டார்.

"மார்கரெட்."

"மார்க்கரா? அங்க பொம்பளைங்க மார்க்கரா இருக்காங்களா?"

"பேருப்பா அது. மார்கரெட்."

"நல்ல பேருதான்" என்றார்.

என் மகளிடம் எங்கள் தமிழ் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டுவருகிறது. 'வந்துட்டு இருக்கேன்' என்பதை 'வந்துட்டேன் இருக்கேன்' என்பாள். தாத்தாவிடம் பேச அவளுக்கு எதுவுமில்லாமல் இருந்தது. இந்த ஆட்டம் வந்தபிறகு இருவரும் பேச ஆரம்பித்தார்கள். அந்தச் சந்தோஷத்தில் அப்பா அவளுடைய பிறந்தநாளுக்கு அந்தப் பந்துகளை அனுப்புவதாகச் சொன்னார். நானும் யோசிக்காமல் சரி என்றேன். எல்லாவற்றையும் நாலு தடவை யோசிக்கிறவள், அன்றைக்கு யோசிக்கவில்லை.

"கூரியர்ல ஃபாரம் குடுத்தா என்ன எழுதட்டும்?"

"உள்ளதை உள்ளபடி எழுதுங்கப்பா. மறைச்சா இங்க சிக்கல்."

அவர் உள்ளதை உள்ளபடி எழுதினார். தந்தப் பில்லியர்ட்ஸ் பந்துகள், மூன்று, பழையவை. பெரிய ஆங்கில எழுத்தில், மனு எழுதிப் பழகிய அதே அழகான கையெழுத்தில்.

மூன்று வாரம் கழித்துச் சுங்கத் துறையிலிருந்து கடிதம் வந்தது. தந்தம் கொண்டுவருவது இங்கே குற்றம், அங்கிருந்து அனுப்புவதும் குற்றம். பொட்டலத்தை நிறுத்தி வைத்திருக்கிறோம், ஒரு மாதத்துக்குள் விளக்கம் தர வேண்டும், தவறினால் மேல் நடவடிக்கை. அப்பா பந்துகளைப் புதைத்து அனுப்பியிருந்த தவிட்டைப் பற்றியும் இரண்டாவது பத்தியில் ஏதோ இருந்தது. அதை முழுதாகப் படிக்க எனக்குத் தெம்பில்லை.

ஏனென்றால், அதற்குப் பதினைந்து நாள் முன்னால்தான் இங்கே நிரந்தரமாகத் தங்குவதற்கான விண்ணப்பத்தை அனுப்பியிருந்தோம். நல்லொழுக்கம் பற்றி அதில் ஒரு பக்கம் முழுக்கக் கேள்விகள். சட்டத்தை மீறியதுண்டா? விசாரணை ஏதேனும் நிலுவையில் உண்டா? எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று நானே என் கையால் நிரப்பியிருந்தேன். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் கணவரின் வேலை போகும், யாழினியின் பள்ளி போகும், ஏழு வருடமாக ஒவ்வொன்றாகச் சேர்த்த இந்த வீடு போகும். அப்பாவை அங்கே யாராவது பிடித்துவிடுவார்களோ என்ற பயம் வேறு.

என் கணவர் வேதாரண்யத்துக்காரர். புயல் கூண்டு ஏற்றினால்கூட டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

"ஏன் இப்படி பதர்றே? ஃபோன் நம்பர் குடுத்திருக்கான்ல, பேசு."

"நீங்க பேசுங்க."

"உங்கப்பா அனுப்புனது. உன் பேருக்கு வந்தது. நான் என்னன்னு பேச?"

5

பேச வேண்டியதை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டேன். இலக்கணம் சரிபார்த்தேன். அப்படியும், மறுமுனையில் அந்த அதிகாரியின் குரல் கேட்டதும் தாள் கண்ணுக்குத் தெரியவில்லை.

அவர் மரியாதையாகத்தான் கேட்டார். பொருள் யாருடையது? என் அப்பாவுடையது. அப்பா என்ன தொழில்? மார்க்கர் என்றேன். அவர் அதைப் பரீட்சைத் தாள் திருத்துகிறவர் என்று எடுத்துக்கொண்டு, "ஓ, ஆசிரியரா?" என்றார். நான் மறுக்கவில்லை. மறுக்கும் அளவுக்கு ஆங்கிலம் அந்த நேரத்தில் என்னிடம் இல்லை.

"படிவத்தில் தந்தம் என்று எழுதியது யார்? நீங்களா, கூரியர் கடைக்காரரா?"

அப்பாதான் எழுதினார். இதைச் சொல்ல வேண்டும். 'தான்' என்பதற்குப் பள்ளிக்கூடத்திலிருந்து நாம் பழகியிருக்கும் ஆங்கிலச் சொல் ஒன்று இருக்கிறதே, அதைப் போட்டேன்.

"மை ஃபாதர் ஒன்லி ரோட் இட், சார்."

மறுமுனையில் அவர் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது.

"அதாவது, உங்கள் அப்பா சும்மா அப்படி எழுதினார், அவ்வளவுதானா?"

அவர் என்ன கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. ஆமாம் என்றேன். மை ஃபாதர் ஒன்லி.

"அது உண்மையில் தந்தம்தானா என்று யாராவது எப்போதாவது சோதித்திருக்கிறார்களா?"

யாரும் சோதித்ததில்லை. அது உண்மை. சொன்னேன்.

"அப்படியானால் முதலில் ஆய்வுக்கு அனுப்புகிறேன். முடிவு வரட்டும்" என்றார்.

ஃபோனை வைத்தபிறகு பார்த்தால் என் கணவர் சோபாவில் சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன?"

"அவனுக்கு நீ என்ன சொன்ன தெரியுமா? தந்தம்லாம் ஒண்ணும் இல்ல, எங்கப்பா சும்மா எழுதிட்டாருன்னு சொல்லியிருக்க."

"நான் அப்படிச் சொல்லவே இல்லையே! அப்பாதான் எழுதினார்னு..."

"நீ சொன்னது தமிழு. அவனுக்குக் கேட்டது இங்கிலீஷு."

அரசாங்க அதிகாரியிடம் தவறான தகவல் கொடுத்திருக்கிறேன். அதுவும் ஒரு குற்றம்தானே? உடனே திரும்ப அழைத்துத் திருத்த வேண்டும் என்று ஃபோனை எடுத்தேன். கணவர் அதை என் கையிலிருந்து வாங்கி ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டார். அன்றே நாலு பக்கத்துக்கு ஒரு விளக்கக் கடிதம் எழுதினேன். மார்க்கர் என்றால் என்ன, தவிடு எதற்கு, எங்கள் மொழியில் 'தான்' எப்படி வேலை செய்கிறது என்றெல்லாம். போன வருடம் அம்மா அனுப்பிய ஆவக்காய் ஊறுகாயைப் பற்றியும் ஒரு வரி சேர்த்தேன், எதையும் மறைக்கக் கூடாதே என்று. கடிதத்தை உறையில் போட்டு ஒட்டினேன். கைப்பையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் தபால் பெட்டியைக் கடந்து பள்ளிக்கூடம் போய் வந்தேன். போடவில்லை. நான்காம் நாள் கிழித்தேன்.

அந்த ஒரு மாதம் அப்பாவிடம், "இன்னும் வரலப்பா, இங்க லேட்டாகும்" என்று மட்டும் சொன்னேன்.

6

பிறகு வந்த கடிதம் பாதிப் பக்கம்தான். பொருள் ஆய்வு செய்யப்பட்டது. உருப்பெருக்கியில் பார்த்ததில் தந்தத்துக்குரிய குறுக்கு ரேகைகள் இல்லை. செயற்கைப் பிசினால் வார்க்கப்பட்ட பந்துகள். வணிக மதிப்பு மிகக் குறைவு. மேல் நடவடிக்கை இல்லை. பொட்டலத்திலிருந்த தாவரப் பொருளுக்கு அனுமதி இல்லாததால் அது மட்டும் அழிக்கப்பட்டது.

சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கினால் அழுகைதான் வருகிறது, சிரிப்பு அப்புறம்தான். யாழினி பயந்துபோய், "அம்மா, பேட் நியூஸா?" என்றாள். "இல்லடி, நல்ல நியூஸ். தாத்தா பந்து பிளாஸ்டிக்காம்!" என்றேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்துத்தான், இந்த நல்ல செய்தி வேறு ஒருவருக்கு எப்படிக் கேட்கும் என்று உறைத்தது.

இரண்டு மாதத்தில் எங்கள் விண்ணப்பமும் ஏற்கப்பட்டது. அன்றைக்கு வீட்டில் பருப்புப் பாயசம். இந்த ஓராண்டில் நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். இதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் குறிப்பு முழுக்கப் புலம்பலாகத் தெரியும். அப்படியில்லை. சுடுதண்ணீர் வரும் குழாயைத் திறக்கும்போதெல்லாம், இது நம்முடையதுதான், யாரும் இனிமேல் கூரையைப் பிரிக்க முடியாது என்று நினைத்துக்கொள்கிறேன்.

பந்துகள் வந்த அன்று அப்பாவை அழைத்தேன்.

"வந்துடுச்சுப்பா."

"தந்தத்துல கீறல் ஒண்ணும் இல்லையே?"

"இல்லப்பா."

"தவிடு?"

"அதை மட்டும் எடுத்துட்டாங்க."

"போவுது போ. அங்க தவிடு கிடைக்காமலா போவும்? எண்ணெத் துணியால தொடச்சு வையி."

"சரிப்பா" என்றேன். அன்றிலிருந்து வாரம் ஒருமுறை கேட்கிறார். வாரம் ஒருமுறை "தொடச்சேன்பா" என்கிறேன். துடைக்கவும் செய்கிறேன். பிளாஸ்டிக்குக்கு நல்லெண்ணெய் போடுகிற பெண் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

7

எனக்குத் தோன்றுவதெல்லாம் இதுதான். முன்பு எப்போதோ அசல் தந்தம் இருந்திருக்கும். வெயிலில் வெடித்திருக்கும், அல்லது யாரோ விற்றிருப்பார்கள். பதிலுக்கு இவை வந்திருக்கும். பெருமை குறையக் கூடாது என்று பெயரை மட்டும் மாற்றாமல் விட்டிருப்பார்கள். அது அப்பா வருவதற்கு முன்னால் நடந்ததா, பின்னால் நடந்ததா? பின்னால் என்றால் அவருக்குத் தெரியாமல் நடந்திருக்க முடியாது. பட்டா ரகசியங்களைப் போல இதையும் உள்ளேயே வைத்துக்கொண்டாரா? முன்னால் என்றால், ஃபவுலுக்குப் புத்தகத்தைப் பிரித்துக் காட்டிய மனிதரிடம், தவிட்டில் புதைத்து எண்ணெய் போடு என்று வெறும் பிசினைக் கொடுத்து, உள்ளுக்குள் சிரித்திருப்பார்களா?

போன மாதம் யாழினி தாத்தாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டே சப்பாத்தி தேய்த்தேன்.

"தாத்தா, உங்க பந்து சூப்பரா இருக்கு. ஸ்ட்ரெய்ட்டா போகுது."

"நேரா போவுதா?"

"ஆமா தாத்தா. லெஃப்ட் போகாது, ரைட் போகாது."

அப்பா சிரித்தார்.

"நல்ல தந்தம் அப்படிப் போவாது பாப்பா. கடைசில எங்கயாச்சும் ஒரு பக்கம் சாயும். யானைக்குத் தெரியுமா மேஜை மட்டம்?"

என் கை நின்றுவிட்டது. தர்மக் கடைப் புத்தகத்தில் நான் குறியட்டை வைத்த பக்கம் நினைவுக்கு வந்தது. அப்படியானால் அவருக்குத் தெரியும். இருபத்தாறு வருடம் அந்தப் பந்துகள் நேராக உருண்டதைத் தினமும் பார்த்தவர். தெரிந்தேதான் வைத்திருந்தார் என்று நான் முடிவுக்கு வருவதற்குள், "அம்மாட்ட குடு" என்றார்.

"என்னப்பா?"

"குளிர் ஜாஸ்தியாமே அங்க. எண்ணெய்ய விட்டுடாத. தந்தம் வெடிச்சிரும்."

அவ்வளவுதான். மறுபடி எனக்கு எதுவும் தெரியாமல் போனது.

இப்போது அவசரம் என்னவென்றால், ஜூன் மாதம் அப்பாவும் அம்மாவும் இங்கே வருகிறார்கள். விசா கிடைத்துவிட்டது. மார்கரெட், கூடத்தின் மேஜையை ஒரு சனிக்கிழமை மதியம் முழுவதும் எங்களுக்கென்று ஒதுக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அப்பா அங்கே குனிந்து குறி பார்க்கலாம். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். அவருக்கென்று ஒரு கோல்கூட வாங்கி வைத்திருக்கிறேன், இந்த முறை சரியான அளவில்.

ஆனால் யாழினி ஆய்வுக் கடிதத்தைப் பந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கிறாள். தாத்தாவிடம் காட்ட வேண்டுமாம். அவளைத் தடுப்பது சுலபமில்லை. போன வாரப் போட்டியில், அடிப்பதற்கு முன்பே அவளுடைய கோல் நுனி பந்தில் லேசாக உரசியது. யாரும் பார்க்கவில்லை, நான்கூடப் பார்க்கவில்லை. அவளே நிமிர்ந்து "ஃபவுல்" என்று சொல்லிவிட்டுத் தோற்றாள். திரும்பி வரும்போது பேருந்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்படிப்பட்டவளிடம் போய், தாத்தாவிடம் மட்டும் சொல்லாதே என்று எப்படிச் சொல்வேன்? சுங்க அதிகாரியிடம் ஒரு தவறான சொல்லைத் திருத்தாமல் விட்டவள் நான். அந்த ஒரு மாதத்தை அவளும்தான் பார்த்தாள்.

வாசகர்களே, கோல், சாக், புத்தகம் பற்றியெல்லாம் எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டேன். எனக்குத் தெரியாத இந்த ஒன்றை நீங்கள் சொல்லுங்கள். அவர்கள் வருவதற்கு முன் நானே அப்பாவிடம் சொல்லிவிடுவதா? கடிதத்தை எடுத்துவிடுவதா? இல்லை, அந்தச் சனிக்கிழமை மேஜையருகே தாத்தாவும் பேத்தியும் நிற்கும்போது, அது எப்படி வருகிறதோ அப்படி வரட்டும் என்று சுவரோரம் உட்கார்ந்து கோல் நுனியைத் தேய்த்துக்கொண்டிருப்பதா? ஜூனுக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. எழுதுங்கள்.